ஸ்லாக் டிரைவ்: வேகமான எஸ்எஸ்டி போட்டும் என்எஃப்எஸ் நகர மாட்டேன் என்கிறதே?

ஜனவரி 9

நேராகக் கேள்விக்கு வருகிறேன். நான்கு 7200 சுழற்சி ஹார்டு டிஸ்க், இரண்டிரண்டாக மிரர் (ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும்), அதன் மேல் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, வெளியே என்எஃப்எஸ், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் வழி. இரண்டு மெஷின்கள் இதை மவுண்ட் செய்கின்றன. அதில் ஒன்றின் மெய்நிகர் கணினிகளுக்கான டிஸ்க் கோப்புகளும் இங்கேதான் இருக்கின்றன.

ஒரே பெரிய கோப்பை நகலெடுத்தால் ஜிகாபிட் கம்பி நிறைந்து நொடிக்கு 110 எம்பி போகிறது. குறையே இல்லை. ஆனால் சுமார் 12,000 சின்னக் கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டிய ஒரு டார் கட்டை என்எஃப்எஸ் வழியாகப் பிரித்தால் ஆறரை நிமிடம். அதே கட்டை சர்வரில் உட்கார்ந்து பிரித்தால் நான்கு நொடி. சோதனைக்காக டேட்டாசெட்டில் (இசட்எஃப்எஸ்ஸில் பிரித்து வைத்த ஒரு பகுதி) சிங்க்கை, அதாவது டிஸ்க்கில் உறுதியாக எழுதிய பிறகே பதில் சொல்வதை, டிசேபிள் செய்து, மறுபடி என்எஃப்எஸ் வழியாகப் பிரித்தேன். பதினேழு நொடி. ஆக, குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது: ஒவ்வொரு கோப்புக்கும் "எழுதியாயிற்றா, உறுதியா" என்று கிளையண்ட் கேட்டு, டிஸ்க் பதில் சொல்லும் வரை காத்திருக்கிறது.

ஸ்லாக் என்று தனி லாக் சாதனம் போட்டால் சரியாகும் என்கிறார்கள். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், எழுதும் வேகம் நொடிக்கு 3,000 எம்பி என்று அட்டையில் போட்டிருக்கிறது. போதுமா?

ஜனவரி 11

பதில் வருவதற்குள் வாங்கியாயிற்று. எனக்குப் பொறுமை கிடையாது.

ஜனவரி 14

போட்டேன். ஆறரை நிமிடம் மூன்றேகால் நிமிடமாகியிருக்கிறது. பாதியாகிவிட்டதே என்று ஒருவர் வாழ்த்துகிறார். ஐயா, ஹார்டு டிஸ்க்கை விட முப்பது மடங்கு வேகம் என்று அட்டையில் போட்டிருந்ததே, அது எங்கே போயிற்று?

அட்டையில் உள்ள எண்ணையும் என் வேலையையும் ஒப்பிட்டதுதான் முதல் தவறு. அந்த 3,000 எம்பி, நிறைய எழுத்துகளை (டிஸ்க்கில் எழுதும் வேலைகளை) ஒரே நேரத்தில் வரிசையில் கொட்டி, எதையும் உறுதிப்படுத்தச் சொல்லாமல் அளந்தது. டார் பிரிப்பது அப்படி நடப்பதில்லை. ஒரு கோப்பை உருவாக்கு, காத்திரு. எழுது, காத்திரு. உரிமைகளையும் நேரத்தையும் பதி, காத்திரு. அப்புறம்தான் அடுத்த கோப்பு. வரிசையில் எப்போதும் ஒரே ஆள்தான் நிற்கிறார். கவுண்டரில் பத்து பேர் உட்கார்ந்திருந்து என்ன பயன்?

ஃபியோ என்ற டிஸ்க் வேகம் அளக்கும் நிரலை வைத்து அளந்தேன். 4 கேபி எழுத்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு எஃப்சிங்க் (டிஸ்க்கில் உறுதியாக இறக்கு என்ற கட்டளை), வரிசை ஆழம் ஒன்று, அதாவது ஒரு நேரத்தில் ஒரே எழுத்து. இந்தப் பிரமாதமான டிரைவ் நொடிக்கு 210 தருகிறது. ஒன்றுக்கு ஐந்து மில்லிநொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. உறுதியான எழுத்து ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். சுழலும் தட்டைவிடச் சற்று மேல், அவ்வளவுதான் நான் வாங்கியது.

ஜனவரி 15

என் முதல் பதிவில் ஸ்லாக்கை எழுத்துக்கான கேஷ் (வேகத்துக்காகத் தற்காலிகமாக வைக்கும் இடம்) போல நினைத்துப் பேசியிருக்கிறேன். அது கேஷ் இல்லை.

கணக்கு எழுதியவர்களுக்கு எளிதாகப் புரியும். சிட்டை, பேரேடு. வரவு வந்ததும் சிட்டையில் ஒரு வரி கிறுக்கிவிட்டு, வந்தவரிடம் "பதிந்தாயிற்று" என்று சொல்லி அனுப்புகிறோம். பேரேட்டில் ஏற்றுவது அப்புறம், நிதானமாக, மொத்தமாக. இசட்எஃப்எஸ்ஸில் பேரேடு என்பது பூல், அதாவது அந்த நான்கு டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பு. எழுத்துகளை நினைவகத்தில் சேர்த்து வைத்து, வழக்கமாக 5 நொடிக்கு ஒரு முறை தொகுதியாக இறக்குகிறது. சிட்டைக்குப் பெயர் ஜில். (பெயர்தான் ஜில். அது ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கும்போது எனக்குச் சூடுதான் ஏறியது.) ஸ்லாக் என்பது அந்தச் சிட்டையைப் பூலிலிருந்து பிரித்துத் தனிச் சாதனத்தில் வைப்பது.

முக்கியமான விஷயம், பேரேட்டில் ஏற்றும்போது சிட்டையைப் பார்ப்பதே இல்லை. நினைவகத்தில் இருப்பதை அப்படியே இறக்குகிறார்கள். சர்வர் நடுவில் விழுந்து எழுந்தால் மட்டுமே சிட்டையைப் புரட்டுவார்கள். ஆகவே ஸ்லாக்கின் வாழ்க்கை முழுக்க எழுதப்படுவதுதான், படிக்கப்படுவது அபூர்வம். டிரைவின் படிக்கும் வேகம் எனக்கு எதற்கும் உதவாது.

அளவு? ஜிகாபிட் கம்பியில் நொடிக்கு அதிகபட்சம் 125 எம்பி. ஐந்து நொடிக்கு 625 எம்பி. ஒரு தொகுதி இறங்கும்போது அடுத்தது நிறைந்துகொண்டிருக்கும், அதையும் சேர்த்து 2 ஜிபி என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 10 ஜிகாபிட் என்றால் ஐந்து நொடிக்கு 6.25 ஜிபி, 16 ஜிபி இருந்தால் போதும். நான் 1 டிபி வாங்கியிருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

ஜனவரி 19

பழைய சாமான் பெட்டியில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி கிடைத்தது. இன்டெல் டிசி எஸ்3700, 100 ஜிபி. 2012இல் வந்த வரிசை. அதன் தொடர் எழுத்து வேகம் அட்டையின்படியே நொடிக்கு 200 எம்பிதான். புதிய டிரைவின் பக்கத்தில் வைத்தால் தாத்தா.

டார் கட்டு: நாற்பது நொடி.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். 41, 39, 40.

ஃபியோவில் நொடிக்கு 4,000க்கு மேல். காரணம் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள். எஸ்எஸ்டியில் தரவு நிரந்தரமாகத் தங்கும் நாண்ட் ஃபிளாஷில் எழுதுவது மெதுவான காரியம். அதனால் எல்லா எஸ்எஸ்டியும் முதலில் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டுதான் வேகம் காட்டுகிறது. எஃப்சிங்க் வந்தால், அதாவது ஃபிளஷ் கட்டளை வந்தால், சாதாரண டிரைவ் அத்தனையையும் நாண்டுக்குத் தள்ளிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். மின்னிழப்புப் பாதுகாப்பு உள்ள டிரைவோ, கரண்ட் போனாலும் மின்தேக்கியில் இருக்கும் சக்தியை வைத்து மிச்சத்தை எழுதி முடித்துவிடலாம் என்ற தைரியத்தில் உடனே "ஆயிற்று" என்கிறது.

அந்த நுகர்வோர் டிரைவ் ஒரு ஏமாற்று வேலை என்றே சொல்வேன்.

ஜனவரி 22

"யூபிஎஸ் இருக்கிறதே, சிங்க்கை டிசேபிள் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பதினேழு நொடி ஆசை எனக்கும் உண்டு.

யூபிஎஸ் கரண்டுக்கு மட்டும்தான் காவல். கெர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையமே நின்றுபோவது), பவர் சப்ளை புகைவது, தவறான பொத்தானில் விரல் படுவது, எதையும் அது தடுக்காது. டிசேபிள் செய்தால் இசட்எஃப்எஸ் கெட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது, அது சரியில்லை. பூல் எப்போதும் கடைசியாக இறங்கிய தொகுதியோடு ஒழுங்காகவே எழுந்து வரும். போவது கடைசிச் சில நொடிகள்தான்.

சில நொடிகள்தானே? சர்வரும் கிளையண்டும் சேர்ந்தே விழுந்தால் உண்மையிலேயே பெரிய நஷ்டமில்லை, எல்லோரும் சில நொடி பின்னோக்கிப் போய்விடுகிறார்கள். சர்வர் மட்டும் விழுந்து எழுந்து, கிளையண்ட் ஓடிக்கொண்டே இருந்தால்தான் விவகாரம். மெய்நிகர் கணினி, தன் டிஸ்க்கில் பத்திரமாகப் போய்விட்டது என்று நம்பும் பகுதி அங்கே இல்லை. அதன் மேலேயே தொடர்ந்து எழுதுகிறது. இரண்டு வாரம் கழித்து ஏதோ ஒரு டேட்டாபேஸ் இன்டெக்ஸ் உளறும்போதுதான் தெரியும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வேகத்துக்காக ஆசிங்க் (டிஸ்க்குக்குப் போகும் முன்பே பதில் சொல்வது) போட்டு வைத்திருந்த சர்வர் ஒன்று நடுப்பகலில் ரீபூட் ஆனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நான்தான் வீட்டுக்குப் போனேன். அடுத்த மாதம் முழுக்க நான்தான் பேக்கப் டேப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

லினக்ஸில் இன்னொரு கதவும் இருக்கிறது, கவனம். டேட்டாசெட்டில் சிங்க் சரியாக இருந்தும், என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட்டில் (எதை யாருக்குப் பகிர்வது என்ற அமைப்பில்) ஆசிங்க் என்று இருந்தால், வேலை இசட்எஃப்எஸ்ஸைத் தொடும் முன்பே பொய் சொல்லியாகிவிடும். லினக்ஸின் என்எஃப்எஸ் மென்பொருளான என்எஃப்எஸ் யூட்டில்ஸ் 1.0.0 வரை இயல்பே ஆசிங்க்தான், அதற்குப் பின் வந்தவற்றில் சிங்க். பழைய கட்டமைப்புக் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்தவர்கள் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஜனவரி 23

இது புதுத் தலைவலி இல்லை என்பதற்காக ஒரு பழங்கதை. என்எஃப்எஸ் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்குக்குப் போன பிறகே பதில். அதற்காகவே 1990 வாக்கில் பிரெஸ்டோசர்வ் என்று, பேட்டரி வைத்த நினைவக அட்டை விற்றார்கள். இன்றைய ஸ்லாக்குக்கு முப்பாட்டன். 1995இல் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான், கிளையண்ட் தரவை முதலில் அனுப்பிவிட்டுக் கடைசியில் ஒரு கமிட் கேட்கலாம் என்றானது. என் பெரிய கோப்பு வேகமாகப் போவதும் சின்னக் கோப்புகள் தவழ்வதும் இதனால்தான்: பெரியதற்குக் கமிட் எப்போதாவது, சின்னதற்கு ஒவ்வொரு கோப்புக்கும்.

ஜனவரி 26

"தாமதம் மட்டும்தான் முக்கியம், எம்பி கணக்கு வேண்டாம்" என்று இடையில் ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

மெய்நிகர் கணினி டிஸ்க்கை வேறு பூலிலிருந்து இங்கே மாற்றும்போது கவனித்தேன். ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) அனுப்புவது எல்லாமே சிங்க் எழுத்து. ஸ்லாக் இருந்தால், பெரிய எழுத்துகளும் முழுசாக அதன் வழியாகத்தான் போகின்றன. நெட்வொர்க் நொடிக்கு 110 எம்பி, எஸ்3700 200 எம்பி, ஆகவே இடிக்கவில்லை. இதே டிரைவை 10 ஜிகாபிட் சர்வரில் வைத்திருந்தால் அதுவே கழுத்தைப் பிடித்திருக்கும். ஆக, சின்ன எழுத்துக்குத் தாமதம், கொட்டும் எழுத்துக்குத் தொடர் வேகம், இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தொடர் வேகத்தை நெட்வொர்க்கின் வேகம் வரைக்கும் பார்த்தால் போதும்.

ஸ்லாக் வேலை செய்கிறதா என்று பார்க்க டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையை வைத்துப் பூஜ்யங்களை எழுதிப் பார்த்து, "ஒரு வித்தியாசமும் இல்லை" என்று ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். நானும் முதல் நாள் அதைச் செய்தேன், வெட்கத்தில் இங்கே எழுதவில்லை. சாதாரண டிடி சிங்க் கேட்பதே இல்லை, அது ஸ்லாக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

பிப்ரவரி 2

இன்டெலின் ஆப்டேன் டிரைவ்கள் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். நண்பர் ஒருவரிடம் 16 ஜிபி எம்10 குச்சி சும்மா கிடந்தது, கடன் வாங்கினேன்.

ஆப்டேன் நாண்ட் இல்லை. உள்ளே இருப்பது 3டி எக்ஸ்பாயிண்ட், இன்டெலும் மைக்ரானும் 2015இல் அறிவித்தது. நாண்டில் எழுதுவதற்கு முன் ஒரு பெரிய கட்டத்தையே அழிக்க வேண்டும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே இருப்பதன் மேலேயே எழுதிவிடலாம். தற்காலிக நினைவகத்தில் நிறுத்தி வைத்து வேகம் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை என்பதால், ஃபிளஷ் வந்தால் தள்ளுவதற்கு மிச்சமே இருக்காது.

டார் கட்டு: 31 நொடி.

எஸ்3700இல் 40, இதில் 31. ஃபியோவில் உள்ளூரில் அளந்தால் ஆப்டேன் பல மடங்கு முன்னால் நிற்கிறது, ஆனால் கம்பி வழியே வரும்போது அந்தப் பல மடங்கு கரைந்து ஒன்பது நொடியாகிவிட்டது. சிங்க்கே இல்லாமல் 17 நொடி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் காரணம் புரியும். அந்த 17இல் பெரும்பகுதி நெட்வொர்க்கில் போய்வரும் நேரம். இனி எந்த டிரைவ் போட்டாலும் 31க்கும் 17க்கும் நடுவே உள்ள அந்த 14 நொடியில்தான் கை வைக்க முடியும். ஜிகாபிட் கம்பியை வைத்துக்கொண்டு இதற்கு மேல் டிரைவ் தேடுவது வீண்.

எம்10இன் எழுத்து வேகம் நொடிக்கு 145 எம்பிதான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சரி, 10 ஜிகாபிட்காரர்களுக்கு ஆகாது. அவர்களுக்குப் பி1600எக்ஸ், 118 ஜிபி. ஒரே வருத்தம், 2022 ஜூலையில் ஆப்டேன் தொழிலையே இழுத்து மூடப்போவதாக இன்டெல் சொல்லிவிட்டது. இருக்கும் சரக்குதான். இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் ஒன்று வந்தது, அதற்கும் ஆயுசு இல்லை.

பிப்ரவரி 9

மின்னிழப்புப் பாதுகாப்பு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தயாரிப்பாளரின் விவரத்தாள். அங்கே தெளிவாகச் சொல்லியிருக்காவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "தரவுப் பாதுகாப்புத் தொழில்நுட்பம்" போன்ற மூடுமந்திரத்தை நம்ப வேண்டாம். அடுத்து, பலகையைப் பாருங்கள். மின்தேக்கிகள் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சில நுகர்வோர் டிரைவ்களில் சின்ன மின்தேக்கிகள் உண்டு, ஆனால் அவை ஏற்கெனவே நாண்டில் எழுதியிருப்பதைக் காக்க மட்டும்தான். வழியில் இருக்கும் எழுத்தை அவை காப்பாற்றாது.

எம்.2 வடிவில் வரும் சர்வர் டிரைவ்கள் பல 22110, அதாவது 110 மில்லிமீட்டர் நீளம். மின்தேக்கிக்கு இடம் வேண்டுமே. என் போர்டில் 80க்கு மேல் போனால் ஒரு ஹீட்சிங்க் முட்டும். இதை டிரைவ் ஆர்டர் செய்வதற்கு முன் அளந்து பார்த்தது இந்த இழையிலேயே நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

லினக்ஸில் அந்த டிரைவுக்கான ரைட் கேஷ் குறிப்பைப் படித்தால், சில சர்வர் டிரைவ்கள் "ரைட் த்ரூ" என்று காட்டும். கரண்ட் போனால் காற்றில் போகிற கேஷ் என்னிடம் கிடையாது என்று அது அறிவிக்கிறது, கெர்னலும் ஃபிளஷ் அனுப்புவதையே விட்டுவிடும். எல்லா நல்ல டிரைவும் அப்படிச் சொல்வதில்லை. கடைசியில் நம்பத்தகுந்தது ஃபியோவில் அந்த ஒற்றை வரிசை எஃப்சிங்க் சோதனைதான்.

பிப்ரவரி 15

ஸ்லாக்கை மிரர் செய்ய வேண்டுமா? "கட்டாயம்" என்ற அறிவுரை பெரும்பாலும் பழையது. பூல் பதிப்பு 19க்கு முன்பு லாக் சாதனத்தைக் கழற்றவே முடியாது, அது செத்தால் பூலையும் திறக்க முடியாமல் போகலாம். அந்தப் பயம் இன்னும் பதிவுகளில் உலவுகிறது. இப்போது ஓடும்போது ஸ்லாக் செத்தால் ஜில் மறுபடி பூலுக்கே போய்விடும். மெதுவாகும், அவ்வளவுதான். தரவு போக வேண்டுமென்றால் சர்வர் விழுவதும் ஸ்லாக் சாவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

அப்படி இரண்டும் சேர்ந்து நடக்குமா என்ன? ஒற்றை டிரைவ் போதும்.

பிப்ரவரி 17

இரண்டு நாள் உறக்கம் கெட்டது. டிரைவ்கள் எப்போது சாகும்? என் அனுபவத்தில், கரண்ட் போய்த் திரும்பி வரும்போதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அணைத்துப் போட்டால் எழுந்திருக்காது. அதாவது சர்வர் விழுவதும் ஸ்லாக் சாவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விபத்துகள் என்ற என் கணக்கே ஓட்டை.

எம்10ஐ நண்பர் "நீயே வைத்துக்கொள்" என்றுவிட்டார். எஸ்3700ஐயும் அதையும் சேர்த்து மிரர் செய்தேன். இரண்டில் மெதுவானது முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், ஆகவே மறுபடி 40 நொடி. ஒன்பது நொடியைக் கொடுத்துத் தூக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 23

வயரைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனை. டிஸ்க்செக்கர் என்ற சின்ன நிரல் இருக்கிறது. ஒரு மெஷின் எழுதி, உறுதி கிடைத்ததும் இன்னொரு மெஷினிடம் "இதை எழுதிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போகும். நடுவில் கரண்டைப் பிடுங்க வேண்டும். எழுந்த பிறகு, சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கும்.

ஒவ்வொன்றையும் பத்து முறை பிடுங்கினேன். எஸ்3700, பத்திலும் சரி. எம்10, பத்திலும் சரி. ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் இருந்த பழைய டிஸ்க், மூன்றாவது முறையே மாட்டிக்கொண்டது. எழுதியதாகச் சொன்னது அங்கே இல்லை.

அந்த 1 டிபி நுகர்வோர் என்விஎம்இ? பத்திலும் சரி.

ஜனவரி 19இல் அதை ஏமாற்று வேலை என்று எழுதியிருக்கிறேன். அழிக்காமல் விடுகிறேன், ஆனால் சொன்னது தவறு. மின்தேக்கி இல்லாத டிரைவ், ஃபிளஷ் கேட்டதும் ஒழுங்காக நாண்ட் வரை எழுதி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறது. ஐந்து மில்லிநொடி எடுத்ததே அதனால்தான். பொய் சொல்லியிருந்தால் முதல் நாளே எனக்கு நாற்பது நொடி கிடைத்திருக்கும், நானும் கைதட்டியிருப்பேன். இனி மின்தேக்கி இல்லாத ஒரு நாண்ட் டிரைவ் எஃப்சிங்க்கில் மிக வேகமாக இருந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படப் போகிறேன்.

அதற்கு இப்போது எல்2ஆர்க் வேலை கொடுத்திருக்கிறேன், படிப்பதற்கான கேஷ். அங்கே 1 டிபியும் பயன்படும், ஃபிளஷ் தொல்லையும் இல்லை.

மார்ச் 4

கடைசியாக ஒன்று, கேட்காமலே நடந்தது. நேற்று மாலை டார் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி வயதாகி அரை நிமிடத்தில் கையை விரித்தது. சர்வர் போயிற்று, சுவிட்சும் போயிற்று. கிளையண்ட் லேப்டாப், அது மட்டும் பேட்டரியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரையில் சர்வர் பதில் தரவில்லை என்ற வரி, அதற்குக் கீழே அசையாத டார்.

இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. சர்வர் எழுந்து பூலை ஏற்றியது. லேப்டாப்பில் "சர்வர் சரி" என்று ஒரு வரி வந்தது, டார் நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது. முடிந்ததும் எல்லாக் கோப்புகளின் செக்சம்மையும் (உள்ளடக்கம் மாறியதா என்று காட்டும் எண்) மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூட மாறவில்லை.

யூபிஎஸ்ஸுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும்.